தாத்தா எதுல போனார்?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. செமஸ்டர் நடுவுல நேரமே இல்லைன்னு சொன்னா வழக்கமான சால்ஜாப்புன்னு சொல்வீங்க, அதனால சொல்லல. இன்னிக்கு அறிவியல் பதிவு. கொஞ்சம் நீளம். பாதிக்கு மேல எங்க வீட்டுக் கதையும் கலந்து வரும். பொறுமை இருக்கறவங்க தொடரலாம்.

விஷயம் ஒரு புரதம். பேரு ஈ-கேடெரின். (பறக்கற ஈ இல்லீங்க, எபிதீலியத்தோட முதல் எழுத்து.) அதைச் செய்யறதுக்கான குறிப்பு நம்ம பதினாறாவது குரோமோசோம்ல, சிடிஹெச்1 என்கிற மரபணுவுல இருக்கு. இரைப்பை, குடல், மார்பகச் சுரப்பின்னு எங்கெல்லாம் செல்கள் தோளோட தோள் ஒட்டி ஒரு படலமா நிக்குதோ, அங்கெல்லாம் அந்த ஒட்டுதலுக்கு முக்கியக் காரணம் இதுதான். செல்லோட உறையைத் துளைச்சுக்கிட்டு பாதி வெளிய, பாதி உள்ள நிக்கும். வெளிய நீட்டிக்கிட்டிருக்கற பாகத்துல வரிசையா அஞ்சு துண்டு. ஒவ்வொரு ரெண்டு துண்டுக்கும் நடுவுல கால்சியம் அயனிகள் மூணு. கால்சியம் இருக்கற வரைக்கும் அஞ்சும் விறைப்பா நின்னு, பக்கத்து செல்லோட கேடெரினைப் போய்ப் பிடிச்சுக்கும். கால்சியத்தை எடுத்துட்டா துவண்டு போயிடும்.

இதைக் கண்ணால பாக்கறது ரொம்ப சுலபம். லேப்ல தட்டுல வளர்ற செல்களை வேற தட்டுக்கு மாத்தறதுக்கு டிரிப்சினும் ஈடிடிஏவும் கலந்த திரவத்தை ஊத்துவோம். டிரிப்சின் புரதத்தை வெட்டும், ஈடிடிஏ கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஊத்திட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா, தரையோட தரையா ஓடு பாவின மாதிரி கிடந்த செல்லெல்லாம் சில நிமிஷத்துல உருண்டையாகி, ஒண்ணை ஒண்ணு விட்டுட்டு மிதக்க ஆரம்பிக்கும். வாரத்துக்கு ரெண்டு தடவை செய்யற வேலை. ஆனா இந்த ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்ங்கறதுலதான் இந்தப் புரதத்தோட கண்டுபிடிப்பே ஒளிஞ்சிருந்தது.

மசாடோஷி டாகேய்ச்சின்னு ஒரு ஜப்பானியர். 1970களில் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவுக்கு, பால்டிமோர்ல இருக்கற கார்னகி நிறுவனத்துக்குப் போனார். ஊர்ல செஞ்ச அதே சோதனை: செல்களை டிரிப்சின்ல பிரிச்சு, மறுபடி ஒட்டுதான்னு பாக்கறது. கியோட்டோல ஒட்டுச்சு, பால்டிமோர்ல ஒட்டல. அதே கை, அதே செய்முறை. நாமளா இருந்தா "ஏதோ கெமிக்கல் சரியில்ல"ன்னு புது பாட்டில் ஆர்டர் போட்டிருப்போம். அவர் துருவினார். அமெரிக்க லேப் டிரிப்சின்ல ஈடிடிஏ கலந்திருக்கு, கியோட்டோ டிரிப்சின்ல இல்ல. அப்படின்னா, கால்சியம் கூட இருந்தா டிரிப்சினால வெட்ட முடியாத, கால்சியம் போனதும் வெட்டுப்படுற ஒரு புரதம் செல்லோட மேல்பரப்புல இருக்கு, ஒட்டறது அதாலதான். 1977ல இதை எழுதினார். 1984ல கேடெரின்னு பேர் வச்சார்.

அதே 1977ல பாரிஸ்ல, பாஸ்டர் நிறுவனத்துல, ஃபிரான்சுவா ஜாகோப் குழுவுல ரோல்ஃப் கெம்லர்னு ஒரு ஜெர்மன்காரர் வேற வழில இதே இடத்துக்கு வந்துக்கிட்டிருந்தார். எலிக் கரு எட்டு செல்லா இருக்கறப்போ ஒரு வேடிக்கை நடக்கும். அதுவரைக்கும் திராட்சைக் கொத்து மாதிரி தனித்தனியாத் தெரிஞ்ச எட்டும் திடீர்னு இறுகி ஒரே உருண்டை ஆயிடும். கெம்லர் குழுவினர் முயலிலிருந்து எடுத்த ஆன்டிபாடியைப் போட்டாங்க. கரு இறுகவே இல்ல, திராட்சைக் கொத்தாவே நின்னுடுச்சு. அந்த ஆன்டிபாடி எதைப் பிடிச்சதோ, அதுக்கு அந்தக் குழுவினர் 1981ல வச்ச பேர் ஊவோமொருலின். லத்தீன்ல ஊவான்னா திராட்சை. டாகேய்ச்சியோட கேடெரினும் இந்தத் திராட்சைப் புரதமும் ஒண்ணுதான்னு அப்புறம் தெரிஞ்சது. திராட்சைப் பேரு நிலைக்காமப் போனதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதையெல்லாம் நான் எழுதறதுக்கு ஒரு காரணம், நான் இருக்கற ஊர். கெம்லர் ஜெர்மனிக்குத் திரும்பி முதல்ல ட்யூபிங்கன், அப்புறம் இங்க ஃப்ரைபுர்க்ல இருக்கற மாக்ஸ் பிளாங்க் நோயெதிர்ப்பியல் நிறுவனத்துக்கு வந்தார். 1989ல இங்கிருந்து வந்த கட்டுரைலதான் கேடெரினோட உள்பக்க வாலைப் பிடிச்சுக்கிட்டிருக்கற மூணு புரதங்களுக்கு கேடனின்னு பேர் வச்சாங்க. கேடனான்னா சங்கிலி. செல்லோட எலும்புக்கூட்டையும் கேடெரினையும் இணைக்கிற சங்கிலி அது. 1994ல இங்கேயே இந்த மரபணுவே இல்லாத எலிக் கருவை உருவாக்கிப் பாத்தாங்க. தாய் முட்டையில மிச்சம் வச்சுட்டுப் போன புரதத்துல முதல் இறுக்கம் மட்டும் நடந்தது. அது தீர்ந்ததும், கர்ப்பப்பையில போய் ஒட்ட வேண்டிய வெளிப்படலம் உருவாகல. அதோட கதை முடிஞ்சது. கெம்லரும் டாகேய்ச்சியும் 2020ல கனடாவோட கெய்ர்ட்னர் விருதைப் பகிர்ந்துக்கிட்டாங்க.

இன்னும் பின்னாடி போனா இதே ஊர்ல ஹான்ஸ் ஸ்பேமான். 1935 நோபல். அவர்கிட்ட டாக்டர் பட்டம் வாங்கின யோஹன்னஸ் ஹோல்ட்ஃப்ரேட்டர்தான், கருவோட செல்களுக்குத் தங்களுக்குள்ள ஒரு ஒட்டுறவு, ஒரு விலகல் உண்டு, அதை வச்சுத்தான் உடம்பு உருவம் எடுக்குதுன்னு 1939லயே எழுதினவர். அதே வருஷம் நாஜி ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். போன இடத்துல எதிரி நாட்டுக்காரன்னு பிடிச்சு கனடா முகாமுக்கு அனுப்பினாங்க. பாவம். 1955ல அமெரிக்காவில ஃபிலிப் டௌன்ஸ்கூடச் சேர்ந்து, தவளை மாதிரி நீர்நில உயிர்களோட கருவை செல் செல்லாப் பிரிச்சுக் கலக்கி விட்டாலும், தோல் செல் வெளிய, மத்தது உள்ளன்னு தானா வகை பிரிஞ்சு அடுங்கறதைக் காட்டினார். எந்த மூலக்கூறு அதைச் செய்யுதுன்னு தெரியறதுக்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

கவனிச்சீங்களா, இதுவரைக்கும் ஒரு நோயாளி கூட வரல. எல்லாம் எலி, தவளை, திராட்சை.

இப்போ வர்றாங்க.

1991ல எஸ்ஸன் நகர்ல வால்டர் பிர்ஷ்மையர் குழு, ஈ-கேடெரினை இழந்த புற்றுநோய் செல்கள்தான் பக்கத்துத் திசுவுக்குள்ள ஊடுருவுதுன்னும், அதைத் திரும்பக் கொடுத்தா ஊடுருவல் நிக்குதுன்னும் காட்டினாங்க. 1994ல ம்யூனிக்ல கார்ல்-ஃப்ரீட்ரிஷ் பெக்கர் குழு, 'பரவல் வகை' இரைப்பைப் புற்றுக் கட்டிகளை எடுத்து சிடிஹெச்1 மரபணுவைப் படிச்சாங்க. பாதியளவு கட்டிகள்ல அது பழுதாகியிருந்தது. பரவல் வகைன்னா கட்டின்னு ஒண்ணு திரளாது. செல்கள் ஒண்ணை ஒண்ணு விட்டுட்டு, தனித்தனியா இரைப்பைச் சுவருக்குள்ள நுழைஞ்சு போகும். மைக்ராஸ்கோப்புல கல் வச்ச மோதிரம் மாதிரி இருக்கும். மேல்தோல் நல்லாவே இருக்கறதால எண்டோஸ்கோபில பாத்தா சில சமயம் ஒண்ணுமே தெரியாது. லேப்ல ஈடிடிஏ ஊத்தினா நடக்கற அதே விஷயம், உடம்புக்குள்ள யாரும் ஊத்தாமலே நடக்குதுன்னு வச்சுக்கங்க.

ஆனா அந்தப் பழுது கட்டில வந்த பழுதா, பிறப்புலயே வந்த பழுதா? அதுக்குப் பதில் கிடைச்சது லேப்ல இல்ல, ஒரு குடும்பத்துல.

நியூஸிலாந்துல ஒரு பெரிய மாவோரிக் குடும்பம். தலைமுறை தலைமுறையா வயித்துப் புற்றுநோய். முப்பது வருஷத்துல இருபதுக்கும் மேல சாவு. இறந்தவங்கள்ல ரொம்பச் சின்ன வயசு பதினாலு. சாபம்னு நம்பினவங்களும் குடும்பத்துல இருந்தாங்க. ஆனா அந்தக் குடும்பத்தார் யார் யாருக்குப் பிறந்தாங்க, யார் எத்தனை வயசுல எப்படிச் செத்தாங்கன்னு விடாம நினைவு வச்சிருந்தாங்க. அந்தக் கணக்கோட அவங்களே ஒடாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனாங்க. பாரி கில்ஃபோர்ட் குழு பழுதைக் கண்டுபிடிச்சது: சிடிஹெச்1ல ஏழாவது எக்ஸானோட விளிம்புல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. 1998ல நேச்சர் இதழ்ல வந்தது. கட்டுரை எழுதினவங்க பட்டியல்ல அந்தக் குடும்பத்துக்காரங்க பேரும் இருக்கு. எனக்கு இந்தக் கதைல ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். ரத்தம் கொடுத்ததுக்கு நன்றின்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி போட்டு முடிக்கல.

பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட இந்தப் பழுது இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்தவங்களுக்கு எண்டோஸ்கோபியை மட்டும் நம்ப முடியாததால, டாக்டர்கள் பெரும்பாலும் சொல்ற வழி, நோய் வர்றதுக்கு முன்னாடியே இரைப்பையை முழுசா எடுத்துடறது. உணவுக்குழாயைச் சிறுகுடலோட நேரா இணைச்சுடுவாங்க. உயிரோட இருக்கலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா பல தடவை சாப்பிடணும், ஆயுசுக்கும் பி12 வேணும். நல்லா இருக்கற இருபத்தஞ்சு வயசு ஆளுகிட்ட போய் "உன் வயித்தை எடுத்துடலாமா?"ன்னு கேக்கற விஷயம் இது. பெண்களுக்கு ஒரு வகை மார்பகப் புற்று அபாயமும் சேர்ந்து வருது.

சரி, எவ்வளவு அபாயம்? இங்கதான் எனக்கு வகுப்புல தலை சுத்துச்சு. 2015ல வந்த கணக்கு: எண்பது வயசுக்குள்ள ஆண்களுக்கு 70 சதவீதம், பெண்களுக்கு 56. 2019ல வந்த கணக்கு: 42, 33. 2024ல வந்த ஒரு ஆய்வு ரெண்டு பேருக்கும் பத்து சதவீதப் பக்கம் கொண்டு வந்துடுச்சு. மரபணு மாறல, எண்ணின குடும்பங்கள் மாறிடுச்சு. முதல்ல எண்ணினது சாவு மேல சாவு பாத்து டாக்டர்கிட்ட வந்த குடும்பங்களை. அப்புறம், வேற எதுக்கோ மரபணு டெஸ்ட் எடுத்தப்போ தற்செயலா மாட்டினவங்களும் கணக்குல சேர்ந்தாங்க. அப்போ ஒருத்தருக்கு எந்த எண் பொருந்தும்? அவர் வீட்ல எத்தனை பேர் எதுல போனாங்கங்கறதைப் பொறுத்தது. டிஎன்ஏவைக் கடைசி எழுத்து வரைக்கும் படிக்கற காலத்துலயும் கடைசில பாட்டிகிட்டதான் போய்க் கேக்கணும்.

அதுக்குத்தான் இந்த செமஸ்டர்ல ஒரு பயிற்சி வச்சாங்க. ஆளாளுக்கு மூணு தலைமுறை வம்ச வரைபடம் போடணும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவங்க மேல சாய்கோடு, பக்கத்துல வயசும் காரணமும். பேர் வேணாம், யாருக்கும் காட்ட வேணாம், விருப்பமில்லன்னா போடவே வேணாம்னு பேராசிரியர் மூணு தடவை சொன்னார். ஜெர்மனில இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கு. 1933ல நாஜிகள் கொண்டு வந்த பரம்பரை நோய்ச் சட்டத்துல சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செஞ்சாங்க. பரம்பரை வலிப்பு, பரம்பரைக் காது கேளாமை, சில மனநோய்கள் எல்லாம் அந்தச் சட்டத்தோட பட்டியல்ல இருந்தது. அதனால அந்தத் தலைமுறை நோயை மறைச்சது. என்கூடப் படிக்கற ஒரு ஜெர்மன் பொண்ணு படத்துல கொள்ளுப்பாட்டியோட தம்பி பக்கத்துல வெறும் கேள்விக்குறிதான். "எங்க வீட்ல அவரைப் பத்திப் பேச மாட்டாங்க"ன்னு மட்டும் சொன்னா.

2010 பிப்ரவரில அமலுக்கு வந்த இங்கத்திய மரபணுச் சோதனைச் சட்டத்துல, தன் மரபணுவைப் பத்தித் தெரிஞ்சுக்காம இருக்கவும் ஒரு மனுஷனுக்கு உரிமை உண்டுன்னே இருக்கு. பின்னாடி வரப்போற நோயைச் சொல்ற சோதனைன்னா, முன்னாடியும் ஆலோசனை, பின்னாடியும் ஆலோசனை.

நான் ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, தாத்தா எதுல போனார்?"

"எந்தத் தாத்தா?"

"உங்க அப்பா."

"வயித்து வலி."

"வயித்து வலின்னா?"

"வயித்து வலின்னா வயித்து வலிதான். ரெண்டு மாசம் சாப்பாடு எறங்கல. உருக்கொலைஞ்சு போயிட்டார். அப்போ எனக்குப் பன்னெண்டு வயசு, என்கிட்ட யாரு சொல்லுவா? இப்ப எதுக்குடா நல்ல நாளும் அதுவுமா?"

தாத்தாவுக்கு அப்போ நாப்பத்தாறு வயசு. சதுரம், சாய்கோடு, 46, "வயிறு". அடுத்து சின்னத் தாத்தா, அதாவது அம்மாவோட சித்தப்பா. அவர் ஐம்பத்தி எட்டுல போனார். அவருக்கு என்னன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அவரை அடையாறுக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இந்த வாக்கியத்துக்கு விளக்கம் வேணாம். 1954ல முத்துலட்சுமி ரெட்டி தொடங்கின புற்றுநோய் மருத்துவமனை அது. நோயோட பேரைச் சொல்லப் பயந்தவங்க ஊர்ப் பேரையே நோய்க்கு வச்சுட்டாங்க. அடையாறுன்னா அதுதான். எந்த உறுப்புல, எந்த வகைங்கறதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள்ள அடக்கம்.

"எந்த இடத்துலம்மா? வயித்துலயா?"

"இருக்கும். அவரும் கஞ்சிதான் குடிச்சுக்கிட்டிருந்தார்."

இன்னொரு சிக்கல். எங்க வம்சத்துல அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் தாராளம். மரம்னு பேரு, ஆனா கிளையெல்லாம் சுத்தி வந்து மறுபடி தண்டுலயே ஒட்டிக்குது. (எங்க ஆளுங்க உடம்புல கேடெரின் அதிகம் போல :-) ) ரத்த சம்பந்தம் இருந்தா ரெட்டைக் கோடு போடணும். எங்க படத்துல ரெட்டைக் கோட்டைப் பாத்துட்டு பக்கத்து சீட்டுக்காரன் இது ரயில்வே மேப்பான்னு கேட்டான். சிடிஹெச்1க்கு இந்தச் சொந்தக் கல்யாணம் பெரிய விஷயமில்ல, ஒரு பிரதி பழுதானாலே போதும்.

பயமுறுத்தறதுக்காக எழுதல. கணக்கு என்னமோ எனக்குச் சாதகம்தான். இரைப்பைப் புற்றுல பரம்பரை வகை நூத்துக்கு ஒண்ணு ரெண்டு மூணுதான். மீதில பெரும்பங்குக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் கிருமி, உப்பு, புகையிலை இப்படி. சென்னைல ஆண்களுக்கு வர்ற முக்கியப் புற்றுநோய்கள்ல இரைப்பை ரொம்ப நாளாவே இருக்கு. ஒரே வீட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு வந்தா, ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே சமையல்னும் இருக்கலாம். அப்படியே மரபணுன்னு வச்சாலும் அம்மாவுக்குப் பாதி, எனக்குக் கால்.

ஆனா 2020ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் என்ன சொல்லுதுன்னா, ஐம்பது வயசுக்குள்ள ஒருத்தருக்குப் பரவல் வகை வந்திருந்தாலோ, குடும்பத்துல ரெண்டு பேருக்கு இரைப்பைப் புற்று வந்து அதுல ஒண்ணாவது பரவல் வகையா இருந்தாலோ சோதனை செஞ்சு பாக்கலாம்னு. எங்க வீட்டுக் கதை அந்தக் கோட்டுக்கு மேலயா கீழயா? 46 வயசு இருக்கு, ரெண்டு பேர் இருக்காங்க. 'பரவல் வகை'ங்கற வார்த்தை மட்டும் இல்ல. தாத்தாவை எந்த டாக்டரும் குழாய் விட்டுப் பாக்கல. சின்னத் தாத்தாவோடது ஏதாவது ஒரு ஃபைல்ல எழுதியிருக்கும்.

அதனால வருஷத்தைக் கேட்டேன். அப்பத்தான் அம்மா குரல் மாறுச்சு.

"இதெல்லாம் எங்கயும் எழுதி வைக்காதே. தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். வயித்துல வர்ற வம்சம்னு ஒரு பேச்சு கிளம்புச்சுன்னா முடிஞ்சது."

எனக்குக் கோபம் வந்தது, ஆனா பதில் வரல. அம்மா சொல்றது பொய் இல்ல. இங்க இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி மரபணு ரிசல்ட்டைக் கேக்க முடியாதபடி சட்டம் வச்சிருக்காங்க, ரொம்பப் பெரிய தொகைக்கு மட்டும் விதிவிலக்கு. பொண்ணு பாக்க வர்ற மாமியாரை எந்தச் சட்டம் தடுக்கும்? மாவோரிக் குடும்பம் பேசினதால பிழைச்சாங்கன்னு நான் வகுப்புல மார்தட்டிப் பேசிடலாம். அவங்க பேசினது தங்களுக்குள்ள, தங்களுக்காக. எங்க வீட்ல பேசினா அது மண்டப வாசல் வரைக்கும் போகும். தங்கச்சிகிட்ட கேக்காம அவளுக்கும் சேர்த்து நான் தெரிஞ்சுக்கறது சரியாங்கறது அடுத்த கேள்வி. தெரியாம இருக்கற உரிமை அவளுக்கும் உண்டே. அவளுக்கு இருபத்தி மூணு. இப்படி ஒரு கேள்வி இருக்குன்னே அவளுக்குத் தெரியாது.

அதனாலதான் இந்தப் பதிவுல எங்க ஊர் பேர் இல்ல, என் பேர் எப்பவும் போல இல்ல. தெரிஞ்ச நண்பர்கள் பின்னூட்டத்துல உளறிடாதீங்க.

நேத்து ராத்திரி அம்மாகிட்டேர்ந்து வாட்ஸப்ல ஒரு குரல் செய்தி. நாப்பது செகண்ட். பின்னாடி குக்கர் விசில். "சித்தியைக் கேட்டேன். தொண்ணூத்தி நாலு, இல்ல தொண்ணூத்தஞ்சு. சீட்டு ஏதோ டிரங்குப் பெட்டில இருக்காம், தேடிப் பாக்கறேங்கறா. எதுக்குன்னு கேட்டா, நீ ஏதோ படிப்புக்குன்னு சொல்லிட்டேன். தங்கச்சிகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதே."

சித்தின்னா சின்னத் தாத்தாவோட மனைவி. எழுபத்தெட்டு வயசு. அந்தச் சீட்டு கிடைச்சா அதுல என்ன எழுதியிருக்கும்னு தெரியல, கிடைக்குமான்னும் தெரியல. வியாழக்கிழமை படத்தைக் கொடுக்கணும். கேள்விக்குறியாவே கொடுத்துடலாம்னு இருக்கேன்.

வீட்ல பெரியவங்ககிட்ட இந்த மாதிரி கேட்டு, கலவரம் இல்லாமப் பதில் வாங்கினவங்க யாராவது இருந்தா எப்படிக் கேட்டீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தங்கச்சிகிட்ட எப்படி ஆரம்பிக்கறதுங்கறதுக்கும் யோசனை வேணும்.